சுத்தியலைத் தொடாதே

அன்புள்ள கண்ணா,

உன் வண்டி இன்ஜினின் முன்னால் இருக்கும் சக்கரத்தை, அந்த டாம்பர் புல்லியை, எடுத்து நீ அனுப்பிய படத்தை அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். போனிலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம் என்றேன், கேட்கவில்லை. "ரப்பர் செத்துவிட்டது, வெளி வளையம் முன்னால் நகர்ந்திருக்கிறது, மாற்றத்தான் வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைப் பிரித்துக்கொண்டார். அரைமணி நேரம் கழித்து, "அவனுக்குக் கடிதம் எழுதினால் சுத்தியலைத் தொடாதே என்று எழுது" என்றார். அதனால் அதை முதலில் எழுதிவிட்டேன்.

படம் இங்கே வந்தது புதன்கிழமை இரவு 9 மணிக்கு. நீ இருக்கும் டெட்ராய்ட்டில் அப்போது காலை பதினொன்றரை. படத்தில் நல்ல வெயில். ஏதோ விடுமுறை போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன்.

நம் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தவள் நான். டாம்பர் புல்லி கேட்டு வருகிறவர்களில் பாதிப்பேர் அது வெறும் பெல்ட் ஓடும் சக்கரம் என்றுதான் நினைப்பார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எரிபொருள் வெடிக்கும்போது இன்ஜினின் சுழல்தண்டான கிராங்க் ஷாப்ட் இம்மியளவு முறுக்கிக்கொண்டு மீளும். அந்த அதிர்வை வாங்கிக்கொள்ளத்தான் வெளி வளையமும் இடையில் ரப்பரும். ரப்பர் போனாலும் வண்டி உடனே நிற்காது. ஓட்டுகிறவனுக்கு ஒன்றும் தெரியாமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஷாப்ட் மட்டும் உள்ளே அடி வாங்கும். நல்ல வேளை, நீ கண்டுபிடித்துவிட்டாய். சின்ன வயதிலிருந்தே உனக்குக் காது கூர்மை. அப்பா இதை நேரில் சொல்லமாட்டார், கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

உன்னுடையது செவர்லே 350 இன்ஜின்தானே? பழையதைக் கழற்றும்போது வெளி வளையத்தைக் கவ்வி இழுக்கும் புல்லர் ஆகாது. ஷாப்டின் மேல் ஏறி உட்காரும் நடுக்குடத்தில் இருக்கும் துளைகளில் போல்ட் போட்டு இழுப்பதுதான் சரி. புதியதை வாங்கும்போது 400 இன்ஜினுடையதைத் தலையில் கட்டிவிடப்போகிறார்கள். அதில் ஒரு பக்கம் கனம் கூட்டியிருக்கும், 350இல் மாட்டினால் வண்டி உதறும். விட்டத்தையும் பார்த்து வாங்கு. 8 அங்குலமும் உண்டு, அதைவிடச் சிறியதும் உண்டு. அளவு மாறினால், தீப்பொறி விழும் நேரத்தைச் சரிபார்க்கும் டைமிங் முள்ளும் மாற வேண்டும். கடைக்காரன் சொல்கிறான் என்று வாங்காதே, நானும் கடைக்காரிதான்.

சுத்தியல் ஏன் கூடாது என்றால், அடித்தே மாட்டிய அந்தத் திருவள்ளூர் லாரிக்காரர் விஷயம் உனக்கு நினைவிருக்கும். அடிக்கிற அடி நேராக, ஷாப்ட் முன்பின் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங்கில் போய் இறங்கும். வளையத்தில் பட்டால் புது ரப்பரும் போச்சு. கட்டையை வைத்து அடித்தாலும் அடி அடிதான். புல்லியைப் பூட்டும் போல்டை முறுக்கியே அதை உள்ளே இழுத்துவிடலாம் என்று ஆசைப்படாதே. தொடக்கத்தில் நாலைந்து மரைதான் பிடித்திருக்கும், மொத்த பலமும் அதன் மேல் விழுந்தால் ஷாப்டுக்குள் இருக்கும் மரை உரிந்துவிடும். அதற்கென்று இழுவைக் கருவி இருக்கிறது. அதன் தண்டை ஷாப்டுக்குள் முழு ஆழத்துக்கும் திருகிவிட்டு, பிறகு நட்டைச் சுற்று. மெதுவாக வந்து உட்காரும். அந்தக் கருவியை வாங்கத்தான் வேண்டும் என்பதில்லை, உன் ஊரில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு என்று அப்பா சொல்கிறார். வாடகைக்கே எடு. இப்போது வீண் செலவு வேண்டாம்.

மேல்வீட்டு மாமியின் பையன் ஊருக்கு வந்துவிட்டான். அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவில் இருந்தவன். வேலை போனால் அதிகபட்சம் 60 நாட்கள்தானாம், அதற்குள் இன்னொரு கம்பெனி கிடைக்கவில்லை. மாமி முதல் வாரம் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அவன் தினமும் மெரினாவில் நடந்துவிட்டு வருகிறான், ஆள் தெளிவாகத்தான் இருக்கிறான். வந்தால் என்ன, வீடு இல்லையா? அவனைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அக்கா வந்து போனாள். நம் தெருவில் மறுபடி தோண்டுகிறார்கள்.

புல்லியை மாட்டுவதற்கு முன்னால், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலின் உதட்டில் எண்ணெய் தடவு. புதியதன் குடம் வழவழப்பாக இருக்கிறதா என்று நகத்தால் வருடிப் பார், பழையதில் சீல் உரசி வரி விழுந்திருக்கும். புல்லி ஷாப்டில் வழுக்காமல் பிடிக்கும் சாவித் துண்டைக் காடியில் சரியாக உட்காரவை. காடியில் துளி சீலன்ட் வை, இல்லாவிட்டால் அந்த வழியாக எண்ணெய் கசியும். போல்டுக்கு 60 அடி-பவுண்டு, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துத்தான் முறுக்க வேண்டும். கை வலுவை நம்பாதே. உன் சிநேகிதனுடைய வண்டி புதிய எல்எஸ் இன்ஜின், அவன் சொல்லும் கணக்கைக் கேட்காதே. அதற்குப் புது போல்ட், முதலில் 37 அடி-பவுண்டு, பிறகு 140 டிகிரி திருப்ப வேண்டும். அந்தக் கணக்கை இதற்குப் போட்டால் போல்ட் அறுந்துவிடும். முறுக்கும்போது இன்ஜின் கூடவே சுற்றும். ஷாப்டின் பின்முனையில் இருக்கும் பிளைவீல் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும், யாராவது ஒருவர் உதவிக்கு வேண்டும். தனியாகச் செய்யாதே. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுக் கையை வை. தனியாகச் செய்யாதே என்று அப்பாவும் சொல்லச் சொன்னார்.

பழைய வளையம் நகர்ந்திருந்ததால் அதிலிருந்த டைமிங் குறியும் நகர்ந்திருக்கும். இத்தனை நாள் டைமிங் லைட் காட்டியது பொய். புதியதைப் போட்டதும் முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சிக்கு வரும் இடத்தைத் தேடி, குறியோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு டைமிங் வை.

இவ்வளவு பழைய வண்டியை இப்போது எதற்குச் சரிசெய்கிறாய் என்று அப்பா கேட்டார். விற்கவா என்றார். ஆசைக்குத்தான் செய்கிறான் என்றேன். விற்பதாக இருந்தாலும் ஒழுங்காக மாட்டிவிட்டு விற்றுவிடு, அதில் தவறொன்றும் இல்லை. கடையை விற்ற பணம் வங்கியில் சும்மாதான் கிடக்கிறது.

போனில் கேட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். பதிலில் பழையதன் விட்டம் எத்தனை அங்குலம் என்று எழுது. வருகிற புதன்கிழமையும் நீ வீட்டில்தான் இருப்பாயா என்பதையும் எழுது. அப்பாவுக்குப் படித்துக் காட்டமாட்டேன்.

அன்புடன்,
அம்மா