எமது தோட்டப் பாடசாலையில் உயர்தரக் கணித, விஞ்ஞானப் பிரிவுகளை ஆரம்பிக்கக் கோரும் மனு

மாகாணக் கல்விப் பணிப்பாளர் அவர்கள்,
மாகாணக் கல்வித் திணைக்களம்,
மத்திய மாகாணம்.

அதிபர், வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாக

மதிப்பிற்குரிய ஐயா,

நுவரெலியா மாவட்டத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருக்கும் எமது பாடசாலை 1சி தரத்தைச் சேர்ந்தது, அதாவது உயர்தரத்தில் கணித, விஞ்ஞானப் பிரிவுகள் இல்லாதது. உயர்தரத்தில் கலைப் பிரிவு நடக்கிறது. ஆசிரியர் கிடைக்கும் வருடங்களில் வர்த்தகப் பிரிவும் நடக்கும். உயிரியலோ இணைந்த கணிதமோ இங்கே ஒருநாளும் கற்பிக்கப்பட்டதில்லை. பாடசாலையை அப்பிரிவுகளும் உள்ள 1ஏபி தரத்துக்கு உயர்த்தி அவ்விரு பிரிவுகளையும் தொடங்கித் தருமாறு பெற்றோரும் பழைய மாணவரும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறோம்.

இதை எழுதும் நான் இங்கே படித்தவள். இன்று பக்கத்துத் தோட்டத்தில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. என் மகன் இதே பாடசாலையில் தரம் 10இல் படிக்கிறான்.

எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், ஒரு பிள்ளை சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ எடுத்தாள். டவுன் பாடசாலையில் உயிரியல் பிரிவுக்கு இடமும் கிடைத்தது. காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்தாலும் முதல் பாடம் தவறிவிடும் என்பதால் அங்கேயே அறை எடுத்துத் தங்கினாள். அறை வாடகை, சாப்பாடு, மூன்று பாடத்துக்கும் டியூசன் காசு. தாய் கொழுந்து பறிக்கிறவர். கிலோ குறைந்த நாளில் அரைப்பேர்தான், அரை நாள் சம்பளம்தான் விழும். ஆறு மாதம் தாக்குப்பிடித்தார்கள். பிறகு பிள்ளை திரும்பி வந்து எங்கள் கலைப் பிரிவில் சேர்ந்தாள். அவளுடைய புவியியல் கொப்பியைப் புரட்டியபோது, பின்பக்கங்களில் இதயத்தின் படம் நாலறைகளோடு, தமிழில் பெயர் குறித்து, அழகாக வரையப்பட்டிருந்தது. யாரும் அவளிடம் வரையச் சொன்ன படமல்ல அது.

கலைப் பிரிவைக் குறைத்துப் பேசவில்லை, ஐயா. அதில் படித்துத்தான் நான் ஆசிரியையானேன். ஆனால் அதை நான் தேர்ந்தெடுத்ததாகச் சொல்ல முடியாது. இருந்த வகுப்பு அது ஒன்றுதான்.

பல்கலைக்கழக அனுமதி முறையைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். மருத்துவம், பொறியியல் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மிகுதி 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகிறது. அந்தப் 16இல் நுவரெலியாவும் ஒன்று. பின்தங்கியவர்கள் என்று எங்கள் மாவட்டத்தின் பெயரில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பாடங்களைச் சொல்லிக்கொடுக்க வகுப்பு இல்லாத பாடசாலைப் பிள்ளைக்கு அந்த இடம் எப்படி எட்டும்? பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி எங்கள் பிள்ளைகளுக்குக் குறைகிறது என்று சொல்வதற்குக்கூட இடமில்லை. அவர்கள் அந்தப் பரீட்சைக்கே தோற்றுவதில்லை.

தமிழ்மொழி மூலம் பௌதிகம், இரசாயனம், இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியர் கிடைப்பதில்லை என்பதுதான் இதற்கு வழமையாகச் சொல்லப்படும் பதில். பற்றாக்குறை உண்மைதான். ஆனால் அது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பிரிவு இல்லாததால் இந்த மலையிலிருந்து விஞ்ஞானம் படித்தவர் வெளிவருவதில்லை. வெளியூரிலிருந்து நியமனம் பெற்று வருகிறவர்கள் குளிரையும் தூரத்தையும் பார்த்து விரைவில் இடமாற்றம் கேட்கிறார்கள். இங்கேயே பிறந்த பிள்ளைகள் உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் படித்தால், அவர்களில் சிலராவது பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி போன்ற இடங்களில் பயிற்சி பெற்று இந்த வகுப்பறைகளுக்கே திரும்புவார்கள். முதல் தொகுதியில் ஒரு டொக்டர் வராமல் போகலாம். தாதியர் பயிற்சிக்கு நாலு பேர் போனாலும் எங்களுக்கு அது பெரிய காரியம்.

உயர்தரத்துக்கு மட்டும் ஆசிரியரைத் தந்தால் போதாது என்பதையும் மனம்விட்டுச் சொல்கிறேன். தரம் 8, 9இலேயே கணிதம் கைவிட்டுப்போகிறது. வருடத்தில் பாதி நாள் அந்தப் பாடத்துக்கு ஆள் இல்லாத வகுப்புகளை நான் பார்த்திருக்கிறேன். கெட்டிக்காரப் பிள்ளைகள் இருபது பேரைப் பொறுக்கி ஒரு வகுப்பு நடத்துவதை நாங்கள் கேட்கவில்லை. தரம் 6 முதல் எல்லாப் பிள்ளைக்கும் கணிதமும் விஞ்ஞானமும் ஆங்கிலமும் தடையில்லாமல் நடக்கவேண்டும். ஆய்வுகூடம் என்ற பெயரில் இருக்கும் அறையில் ஒரு கண்ணாடி அலுமாரி நிற்கிறது. உள்ளே இருக்கும் அளவிகளை எடுத்துப் பயன்படுத்த அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. பிள்ளைகள் செய்முறையைக் கரும்பலகையில் பார்த்துத்தான் எழுதுகிறார்கள்.

நிரந்தர நியமனம் தாமதமாகும் என்றால், எமது கல்விக் கோட்டத்திலுள்ள பாடசாலைகளுக்கிடையே பௌதிக, இரசாயன ஆசிரியர்களைப் பகிர்ந்து வாரத்தில் இரண்டு நாளாவது எமக்கு இணைத்துத் தாருங்கள். தங்கும் இடத்தை ஏற்பாடு செய்வது எங்கள் பொறுப்பு. குழாய் பொருத்தவும் அறைக்கு வர்ணம் பூசவும் பெற்றோர் சிரமதானத்துக்குத் தயாராக இருக்கிறார்கள்.

1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். என் அம்மாவின் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது, அதற்கு மேல் அங்கே வகுப்பு இருக்கவில்லை. என் மகன் இரண்டு வருடத்தில் உயர்தரத்துக்கு வருவான். என்ன படிக்கப்போகிறாய் என்று கேட்டால் இப்போதைக்கு இயந்திரங்களைப் பற்றிச் சொல்கிறான்.

ஆகவே, அடுத்த உயர்தர வகுப்பு ஆரம்பமாகுமுன் தாங்களோ தங்கள் பிரதிநிதியோ எமது பாடசாலைக்கு வந்து நேரில் பார்வையிட்டு, தரமுயர்த்தலுக்கான சிபாரிசை வழங்குமாறு தாழ்மையுடன் வேண்டுகிறோம். பெற்றோரின் கையொப்பங்கள் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. கையொப்பமிடத் தெரியாத தாய்மாரின் பெருவிரல் அடையாளங்களும் அவற்றில் உண்டு.

இங்ஙனம்,
பெற்றோர், பழைய மாணவர்கள் சார்பில்,
பாடசாலை அபிவிருத்திச் சங்க உறுப்பினர்