முதலாம் ஆண்டு பைதான் லேப் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன் என்ற பாடத்திட்டப்படி சிவில், மெக்கானிக்கல் என்ற பேதமில்லாமல் முதல் செமஸ்டரிலேயே பைதான் என்ற நிரல் மொழி. பிளஸ் டூவில் கணினி அறிவியல் எடுத்தவர் 11இல் சி++, 12இல் பைதான் பார்த்துவிட்டு வருகிறார். பக்கத்து இருக்கையில் பயோ-மேக்ஸ் படித்தவர். அவர் அறிந்த கணினி பெரும்பாலும் கைபேசிதான். இருவருக்கும் லேப் அட்டவணை ஒன்றே. முதல் இரண்டு லேப் வகுப்புகளைப் பயிற்சிப் பட்டியலுக்கு வெளியே வையுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதல் வகுப்பு முழுக்க ஃபைலுக்கு. கைபேசியில் பழகியவருக்கு ஃபோல்டர் என்பதே புதிது. சேமித்தது எங்கே போனது என்று தேடுவதிலேயே நேரம் கரைகிறது. ஃபைலின் வகையைக் காட்டும் பெயரின் கடைசிப் பகுதியான எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் மறைப்பதால், நோட்பேடில் சேமித்த நிரலின் பெயருக்குப் பின்னால் ‘.டிஎக்ஸ்டி’ ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணில் படாது. அதைக் காட்டும்படி எல்லாக் கணினிகளிலும் முன்கூட்டியே மாற்றிவிடுங்கள். பைதானோடு வரும் ‘ரேண்டம்’ மாட்யூலின் (ஆயத்த நிரல் தொகுப்பு) பெயரையே நிரலுக்கு வைத்தால் பைதான் தன் மாட்யூலை விட்டுவிட்டு மாணவரின் ஃபைலை இம்போர்ட் செய்துவிடும். விளையாட்டு உருவாக்க உதவும் பைகேம் மாட்யூலின் பயிற்சியில் ஃபைலுக்கு ‘பைகேம்’ என்றே பெயர் வைத்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது வகுப்பு பிழைச் செய்திக்கு. சிவப்பு எழுத்தைக் கண்டதும் திரையை மூடும் பழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. கடைசி வரியை முதலில் படிக்கவும், பிறகு மேலே போய் வரி எண்ணைப் பார்க்கவும் சொல்லிக்கொடுங்கள். வேண்டுமென்றே உடைத்த நிரல்களைக் கொடுக்கலாம்: டேபும் ஸ்பேஸும் கலந்த ஒன்று, பிடிஎஃபிலிருந்து ஒட்டியதால் வளைந்த மேற்கோள் குறிகளோடு வந்த ஒன்று, கோலன் (:) விட்டுப்போன ஒன்று. பிழையே காட்டாமல் தப்பாக ஓடும் நிரல் இவற்றைவிட ஆபத்து. பயனர் தட்டச்சுவதை வாங்கும் ‘இன்புட்’ எப்போதும் சரத்தைத்தான், அதாவது எழுத்துத் தொடரைத்தான், தரும். 5, 3 என்று கொடுத்துக் கூட்டினால் 8க்குப் பதில் 53 வரும். சரத்தை முழு எண்ணாக்கும் ‘இன்ட்’ ஏன் தேவை என்பதை அந்த 53ஐப் பார்த்தவர் மறக்க மாட்டார்.

(தட்டுகளை ஒவ்வொன்றாக ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஹனோய் கோபுரப் புதிர் பாடத்திட்டத்தின் முதல் அலகில் இருக்கிறது, பைதானில் ஃபங்க்ஷன் எழுதுவது மூன்றாம் அலகில். இந்த வரிசையை யார் யோசித்தார்களோ! இந்தப் புதிருக்கு வேண்டிய ரிகர்ஷனை (ஃபங்க்ஷன் தன்னையே அழைப்பது) அதுவரை காகிதத்தட்டுகளை நகர்த்தியே விளக்குங்கள்.)

பட்டியலில் உள்ள மின்கட்டணக் கணக்கு நல்ல தேர்வு. ஆனால் ஒரே ஒரு உள்ளீட்டுக்கு விடை சரியாக வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். 0, 100, 101, 500, 501, -5 என்று கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். நம் வீட்டு மின்கட்டணத்தில் 100 யூனிட் வரை இலவசம். 500ஐத் தாண்டினால் அடுக்குகளே மாறிவிடும். ‘சிறியது’ என்பதற்கும் ‘சிறியது அல்லது சமம்’ என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்த எல்லைகளில்தான் பிடிபடும்.

ரெக்கார்டு நோட்டில் நிரலைக் கையால் நகலெடுக்கும் வேலையைப் பாதியாகக் குறையுங்கள். மிச்சப் பக்கங்களில் ஒவ்வொரு பயிற்சிக்கும் தனக்கு வந்த ஒரு பிழைச் செய்தி, அதன் காரணம், திருத்திய வரி ஆகிய மூன்றையும் மாணவர் எழுதட்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) அதிலிருந்தே கேளுங்கள்.

இப்படிக்கு,
தொடக்கநிலை நிரலாக்கம் கற்பிக்கும் சிலர்