அட்டை கேட்காத மேசை

அன்புள்ள பாப்பாவுக்கு,

காப்பீட்டு அட்டையை வாங்கிக்கொள்கிற கவுன்சிலர் எங்கே கிடைப்பார் என்று நீ கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். பக்கத்தில் ரூம் பிள்ளைகள் இருந்ததால் நீ ‘ம், ம்’ என்றே பேசினாய். அதனால்தான் எழுதுகிறேன், நிதானமாகப் படி.

தூக்கமில்லை, ஷிஃப்டுக்குக் கிளம்பினால் நெஞ்சு படபடக்கிறது, அழுகை வருகிறது என்று நீயாகவே வாய்விட்டுச் சொன்னாய். எனக்கு அது பெரிய நிம்மதி. கவுன்சிலிங் சென்டரில் ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள், முதல்வர் காப்பீட்டு அட்டையை நீட்டியதும் சிரித்தார்கள் என்றாயே, அவர்கள் சிரித்தது தப்பு. ஆனால் அட்டை அங்கே செல்லாது என்பது உண்மைதான்.   அந்தத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கொடுக்கிறார்கள். ஆனால் அது முக்கியமாக ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கிற வைத்தியத்துக்கு. வாராவாரம் போய் உட்கார்ந்து பேசிவிட்டு வருவதற்கு அதில் பில் போட முடியாது. உடம்பு நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்று 2017-ல் வந்த மனநலச் சட்டம் சொல்கிறது. சட்டம் நல்ல சட்டம். ஆனாலும் கம்பெனிகளின் பாலிசி பெரும்பாலும் ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றித்தான் நிற்கிறது.

அதனால் காப்பீட்டை வாங்கிக்கொள்கிற கவுன்சிலரை ஊரெல்லாம் தேடாதே. அந்த ஆளே அரசாங்கச் சம்பளத்தில் உட்கார்ந்திருக்கிற இடத்துக்குப் போ. அங்கே யாரும் அட்டை கேட்கமாட்டார்கள்.

மாவட்ட மனநலத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. மனநல டாக்டர், சைக்காலஜிஸ்ட், சோஷியல் ஒர்க்கர் மூன்று பேரும் சேர்ந்து வேலை செய்யவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. சில ஊரில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும், கேட்டுத் தெரிந்துகொள். இந்த சோஷியல் ஒர்க்கர் என்பவர் மனு எழுதிக் கொடுக்கிறவர் இல்லை. சமூகப் பணியில் எம்.ஏ. அல்லது எம்.எஸ்.டபிள்யூ. முடித்து, அதற்கு மேல் இரண்டு வருஷம் மனநல சமூகப் பணியில் எம்.ஃபில். படித்தவரைத்தான் அந்த 2017 சட்டம் அப்படி அழைக்கிறது.

நான் நர்ஸாக இருந்த காலத்தில் ராணிப்பேட்டை தோல் கம்பெனிக்காரர் ஒருவர் தூக்கமில்லை என்று வந்தார். டாக்டர் மாத்திரை எழுதினார். சோஷியல் ஒர்க்கர் அம்மா மட்டும் அவரை விடவில்லை. வீட்டில் யார் யார், யார் எங்கே படுக்கிறார்கள், நைட் ஷிஃப்ட் எத்தனை நாள், வட்டிக்கு எங்கே வாங்கியிருக்கிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஓ.பி. சீட்டின் பின்பக்கத்திலேயே கடனையெல்லாம் வரிசையாக எழுதினார். மனைவிக்குத் தெரியாத கடனும் அதில் இருந்தது. அடுத்த தடவை மனைவியையும் கூட்டிவரச் சொல்லி, இருவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து அந்தச் சீட்டை எடுத்துப் பேசினார். மாத்திரை ஒரு பக்கம், அந்தச் சீட்டு ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் அவரைத் தூங்கவைத்தன.

உனக்கு இன்னொரு வழியும் இருக்கிறது, அதை நீ மறந்தே போய்விட்டாய். சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. என்று பிடிக்கிறார்களே, அதுவும் காப்பீடுதான். உன் 18,000-க்கு நீ 135 ரூபாய் கட்டுகிறாய், கம்பெனி 585 ரூபாய் போடுகிறது. 21,000 வரை சம்பளம் வாங்குகிறவர்களுக்கு உள்ள திட்டம். இதில் படுத்தால்தான் பணம் என்ற கட்டாயம் இல்லை, ஓ.பி.க்கும் உண்டு. முதலில் உன் பேரில் பதிந்திருக்கிற டிஸ்பென்சரிக்குப் போய் ‘தூக்கமில்லை, படபடப்பு’ என்று அப்படியே சொல். தலைவலி என்று சொல்லி மழுப்பாதே, தலைவலி மாத்திரையோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மனநலப் பிரிவுக்கு ரெஃபரல் எழுதிக் கேள். சென்னை கே.கே. நகரில் இருப்பது இ.எஸ்.ஐ. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, மனநலப் பிரிவு உண்டு. டாக்டரைப் பார்த்ததும் எழுந்து வந்துவிடாதே. ‘சோஷியல் ஒர்க்கரிடம் பேசவேண்டும்’ என்று நீயாகக் கேட்டால்தான் அந்த மேசைக்கு அனுப்புவார்கள். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடு.

கம்பெனிக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படாதே. உன் மனநல விவரத்தை வெளியே சொல்லக்கூடாது என்று அதே மனநலச் சட்டத்தில் இருக்கிறது. நம் வேலூரில் ‘பாகாயத்துக்குக் கூட்டிப் போ’ என்று கேலி பேசுவார்கள், சென்னையில் கீழ்ப்பாக்கம் என்பார்கள், இரண்டு இடத்திலும் மனநல ஆஸ்பத்திரி இருப்பதால். பேசுகிறவன் வீட்டிலும் ஒருத்தர் மாத்திரை போட்டுக்கொண்டுதான் இருப்பார். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன், உன் அண்ணனிடம் இப்போதைக்கு வேண்டாம்.

நடுராத்திரியில் தாங்கமுடியவில்லை என்றால் அரசாங்க மனநல உதவி எண் 14416-க்குப் போடு. இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு குரல் வரும். ஒரே ஆளிடம் தொடர்ந்து பேசுவதற்கு அது ஈடாகாது. அந்த நேரத்தில் என்னையும் எழுப்பலாம், நான் திட்டமாட்டேன்.

கே.கே. நகர் சரிவராவிட்டால் நாலு நாள் லீவு போட்டு இங்கே வா. அடுக்கம்பாறை மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போகிறேன். கணியம்பாடி பஸ் ஏறினால் வாசலிலேயே இறங்கிவிடலாம். உள்ளே இன்னும் தெரிந்த முகங்கள் இருக்கின்றன.

இ.எஸ்.ஐ. கார்டு எங்கே வைத்தாய் என்று பார். இல்லையென்றால் எச்.ஆரில் நம்பர் கேட்டு வாங்கு, டிஸ்பென்சரி பேரும் அவர்களிடமே இருக்கும். இரண்டையும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. என்றைக்கு லீவு என்று சொன்னால் முதல்நாள் சாயங்காலமே நான் வந்துவிடுகிறேன்.

அம்மா