சொந்தத் தொப்புள்கொடி ரத்தம் யாருக்கு உதவும்?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் இணைப்பில் வந்த தொப்புள்கொடி ரத்தச் சேமிப்புக் கட்டுரையைப் படித்தேன். தலசீமியா, ரத்தப் புற்றுநோய் உட்பட 80 நோய்கள் வரை ஸ்டெம் செல்லால் (பிற செல்களை உண்டாக்கும் மூலச் செல்) குணமாகும் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பட்டியலில் குறையில்லை. யாருடைய ரத்தம் யாருக்கு என்பதைச் சொல்லாமல் விட்டதுதான் கோளாறு.

தலசீமியாவையே எடுத்துக்கொள்வோம். ஹீமோகுளோபினுக்கு வேண்டிய பீட்டா குளோபின் மரபணு, தாய்வழி வந்ததும் தந்தைவழி வந்ததும் சேர்ந்து பழுதாக இருந்தால் வருவது பீட்டா தலசீமியா மேஜர் என்னும் கடும் ரத்தசோகை. கருவுற்ற முட்டை ஒற்றைச் செல்லாக இருக்கும்போதே அதன் உட்கருவில் அந்தப் பழுது இருக்கிறது. அந்த ஒரு செல் பிரிந்து பிரிந்துதான் தோல், ஈரல், எலும்பு மஜ்ஜை எல்லாம் உண்டாகின்றன. தொப்புள்கொடி ரத்தத்தின் ஸ்டெம் செல்களும் அதே வழி வந்தவை. திரவ நைட்ரஜனில் இருபது வருடம் உறைய வைத்தாலும் மரபணு திருந்தாது. அதே குழந்தைக்கு அதைத் திரும்பச் செலுத்தினால் மறுபடியும் தலசீமியா ரத்தம்தான் ஊறும். சொந்த செல்லின் மரபணுவைத் திருத்திக் கொடுக்கும் சிகிச்சைக்கு 2023-ல் பிரிட்டன் அனுமதி தந்தது உண்மை. ஆனால் அதற்கு வேண்டிய செல்லைச் சிகிச்சையின்போது நோயாளியின் ரத்தத்திலிருந்தே பிரித்தெடுக்கிறார்கள்.

ரத்தப் புற்றுநோயிலும் இதே சிக்கல். குழந்தைகளுக்கு வரும் சில வகைகளில் முதல் மரபணு மாற்றம் கருப்பையிலேயே நிகழ்ந்துவிடுகிறது. தவிர, மாற்று சிகிச்சைக்குப் பின் எஞ்சிய புற்றுச் செல்களை அந்நியமாகக் கண்டு அழிப்பது கொடையாளியின் வெள்ளணுக்கள். சொந்த வெள்ளணுவுக்கு அந்தக் கண் கிடையாது.

1988-ல் பாரிஸில் எலியான் குளுக்மன் குழு செய்த முதல் தொப்புள்கொடி ரத்த மாற்று சிகிச்சையைப் பாருங்கள். ஃபான்கோனி அனீமியா என்னும் பரம்பரை ரத்த நோய் வந்த சிறுவனுக்கு ஏற்றியது அவன் தங்கையின் தொப்புள்கொடி ரத்தம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ம் ஆண்டு வழிகாட்டு நெறிகளும் இதையொட்டியே பேசுகின்றன: எதிர்காலச் சொந்த உபயோகத்துக்கென்று சேமிக்க அறிவியல் ஆதாரம் இல்லை, இந்தச் செல்களால் குணமாகக்கூடிய நோயுள்ள மூத்த குழந்தை வீட்டில் இருந்தால் சேமிக்கலாம்.

மருமகளுக்கு ஸ்கேன் எடுக்கப் போன இடத்தில், வழவழப்பான கையேடும் மாதத் தவணைக் கணக்குமாக ஒரு தம்பி எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். ‘லாக்கர்ல நகை வைக்கிற மாதிரிம்மா’ என்றார். வீட்டில் அப்படி நோயுள்ள குழந்தை உண்டா என்று அவர் கேட்கவே இல்லை. கையேட்டில் இதயம், மூளை, சிறுநீரகம் எல்லாம் வண்ணப் படமாக இருந்தன. தொப்புள்கொடி ரத்தத்தில் இருப்பவை முக்கியமாக ரத்தம் உண்டாக்கும் ஸ்டெம் செல்கள். சிறுநீரகம் என்றால் ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்கள். ஒவ்வொரு நெஃப்ரானிலும் பல வகைச் செல்கள், அதனதன் இடத்தில். செல் திசுவாகி, திசு உறுப்பாகும் அந்த அடுக்கைப் பத்தாம் வகுப்பைத் தாண்டிய யாரும் படித்திருப்பார்கள். பையில் இருக்கும் ரத்தம் அந்த வேலையைச் செய்யாது.

இன்னொன்று. பிரசவமானதும் ஒரு நிமிடமாவது பொறுத்துத் தொப்புள்கொடியைக் கட்டச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த நேரத்தில் குழந்தைக்குள் போகும் ரத்தம் பின்னாளில் இரும்புச்சத்துக் குறையாமல் காக்கும். சேமிப்புப் பை நிறைய வேண்டுமென்று அதை அவசரப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாற்று சிகிச்சைக்குக் கூடப் பிறந்தவரின் திசு வகை முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு வாய்ப்புதான். மற்றவர்களில் பலர் முன்பின் தெரியாத கொடையாளியைத் தேட வேண்டியிருக்கிறது. சென்னையில் இயங்கும் தாத்ரி போன்ற ஸ்டெம் செல் கொடையாளிப் பதிவகங்களில் சேர, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துக் கொடுத்தால் போதும். அடுத்த இணைப்பில் அதற்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்; கூடவே தலசீமியா சிகிச்சை பார்க்கும் ரத்தவியல் மருத்துவர் ஒருவரின் பேட்டியும் வரட்டும்.

– விலங்கியல் ஆசிரியை (ஓய்வு), கும்பகோணம்