அப்பாவுக்கு மஞ்சள் மாத்திரை வேண்டாம்

மெல்பர்ன்,
ஜூலை மாதம்.

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் இங்கே சுகம். அங்கே எல்லாரும் சுகம்தானே? சாரல் பிடித்துவிட்டது, துணி காயவில்லை என்று சொன்னீர்கள். இங்கே ஜூலைதான் நடுக்குளிர். காலை ஏழு மணிக்கும் விடியாது. நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்கு இருமல்.

போனில் கேட்டதற்குப் போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அப்பா எதையும் பாதி கேட்டுவிட்டு உங்கள் கையில் போனைக் கொடுத்துவிடுவார். எழுதினால் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுசாக வாசிப்பார். அதனால்தான் கடிதம்.

மேலவீட்டு மாமா மஞ்சளில் செய்த மாத்திரை தின்று கால்முட்டு வலி போயே போச்சு என்கிறாராம், அதேபோல் ஒரு டப்பா அனுப்பச் சொன்னீர்கள். அனுப்ப மாட்டேன் அம்மா. கோபப்படாமல் மேலே வாசியுங்கள்.

இங்கே மருந்துக்கடைகளில் அந்த டப்பாக்கள் ஒரு அலமாரி நிறைய இருக்கின்றன. டாக்டர் சீட்டு தேவையில்லை. ஒன்றை எடுத்துப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பார்த்தேன். நம் மஞ்சள்பொடியில் குர்குமின் என்கிற சரக்கு நூற்றுக்கு மூன்று பங்கு அளவில்தான் இருக்கும். ஒரு தேக்கரண்டி நிறைய எடுத்தால் சுமார் 90 மில்லிகிராம். அந்த மாத்திரை ஒன்றில் 500 மில்லிகிராம் சாறு, அதில் 95 சதவீதம் குர்குமின். அதாவது ஒரு மாத்திரைக்குள் ஐந்து தேக்கரண்டி மஞ்சள். மீன்குழம்புக்கு நீங்கள் அரைத் தேக்கரண்டி போடுவீர்கள், அதையும் வீடே சேர்ந்து சாப்பிடும்.

போதாததற்கு நல்லமிளகுச் சாறும் சேர்த்திருக்கிறார்கள். குர்குமின் தனியாக உள்ளே போனால் உடம்பில் அவ்வளவாகச் சேராது, ஈரல் அதை மாற்றி வெளியே தள்ளிவிடும். மிளகிலுள்ள பைப்பரின் அந்த வேலையைத் தடுக்கிறது. 1998-ல் பெங்களூர் ஆய்வாளர்கள் 20 மில்லிகிராம் பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தபோது, உடம்பில் சேர்ந்த குர்குமின் சுமார் 20 மடங்கு கூடியது. ஆச்சி மஞ்சள்பாலில் நாலு நல்லமிளகைத் தட்டிப் போடுவார்களே, இந்த ஆய்வைப் படித்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அது நாலு மிளகு. இதே பைப்பரின் வேறு மாத்திரைகளையும் உடம்பில் தேங்க வைக்கலாம். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் கட்டாமலிருக்க அப்பா தினமும் மாத்திரை போடுகிறார். குர்குமினும் அதிக அளவில் போனால் ரத்தம் உறைவதைக் குறைக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் சின்ன அடி பட்டாலும் ரத்தம் நிற்கச் சிரமம்.

இன்னொன்று. இந்த நாட்டில் மருந்துகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.ஏ., மஞ்சள் மாத்திரையால் சிலருக்கு ஈரல் கெடுகிறது என்று 2023-ல் எச்சரித்தது. கண் மஞ்சளிக்கும், சிறுநீர் கறுக்கும். மஞ்சளைத் தின்று மஞ்சள்காமாலை! சாப்பாட்டில் சேர்க்கும் அளவுக்கு இந்தப் பயம் கிடையாது என்றும் சொல்லியிருக்கிறார்கள். மஞ்சளில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. முட்டு வலி கொஞ்சம் குறைவதாகச் சில ஆய்வுகள் உண்டு. மாமாவுக்கு நிஜமாகவே குறைந்திருக்கலாம். அவருக்கு ஸ்டென்ட் இல்லையே.

அப்பாவுக்குப் பிடித்த விஷயம் ஒன்று: காயத்துக்கு மஞ்சள் போடுவது தங்கள் கண்டுபிடிப்பு என்று அமெரிக்காவில் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையம் 1995-ல் காப்புரிமை வாங்கிவிட்டது. நம் நாட்டு அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல்களையெல்லாம் எடுத்துக் காட்டி வாதாடி, 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. இப்போது அதே மஞ்சள் டப்பாவில் அடைத்து நமக்கே வருகிறது.

போன வாரம் எனக்கும் தொண்டை கட்டிக்கொண்டது. சுக்கைக் குழவியால் நசுக்கி, நல்லமிளகு, மல்லி, ஒரு துண்டு கருப்பட்டி போட்டு, முக்கால் பங்காக வற்றும்வரை கொதிக்க வைத்தேன். கருப்பட்டி கரையும்போது வந்த வாசத்தில் கூடத் தங்கியிருக்கும் பிலிப்பினோ பெண் அடுப்படிக்கே வந்துவிட்டாள். அவர்கள் ஊரிலும் இஞ்சியைத் தட்டிச் சர்க்கரை போட்டுக் கொதிக்க வைத்து, சலாபத் என்று குடிப்பார்களாம். ஆளுக்கொரு டம்ளர் குடித்தோம். சளி தன் நாளைக் கழித்துவிட்டுத்தான் போனது, ஆனால் தொண்டைக்கு இதமாக இருந்தது, ராத்திரி தூங்கினேன். அது போதும். வத்தல்மிளகு வறுப்பது மட்டும் இங்கே நடக்காது. சட்டி சூடாகும் முன்னே கூரையிலிருக்கும் புகை மணி அலற ஆரம்பித்துவிடும்.

அப்பாவின் கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது? மாறாமலை கிராம்பை அடக்கிக்கொண்டே எத்தனை மாதம் ஓட்டுவார்? கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2021-ல்தான், அதன் காரம் நமக்கு எப்போதோ தெரியும். அதிலுள்ள யூஜினால் என்கிற சரக்கு பல்லை மரக்க வைக்கும். சொத்தை அங்கேயேதான் இருக்கும். பல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால் ரத்தம் கட்டாத மாத்திரை போடுவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்பாவாக அதை நிறுத்தக் கூடாது.

மயினியிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயது ஆகும்வரை தேன் நாக்கில் தொடக்கூடாது, மார்த்தாண்டம் தேனாக இருந்தாலும் சரி. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பெரியவர்களை ஒன்றும் செய்யாது, கைக்குழந்தையின் குடலில் வளர்ந்து விஷமாகும். வசம்பு உரைத்துக் கொடுப்பதும் வேண்டாம். பேறுகால மருந்து மயினிக்கு நீங்கள் கிண்டிக் கொடுத்தீர்களே, அதில் எனக்குச் சண்டையில்லை, எனக்குத்தான் ஒரு உருண்டையும் கிடைக்கவில்லை.

டிசம்பரில் சின்னத்தான் வரும்போது கொஞ்சம் கிராம்பும் சுக்கும் கொடுத்து விடுங்கள். பச்சை மஞ்சள், செடி, விதை எதுவும் வேண்டாம். விமானத்தில் தரும் அட்டையில் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். மஞ்சள்பொடி இங்கே டான்டினாங்கில் இலங்கைத் தமிழர் கடைகளில் கிடைக்கிறது. நீங்கள் மட்டும் கோட்டாற்றில் விரலிமஞ்சளாக வாங்கி மில்லில் திரிப்பதை விட்டுவிடாதீர்கள். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைப் பொடியில் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்புறம், அப்பா ஏற்கெனவே மாமாவிடம் நாலைந்து மாத்திரை வாங்கித் தின்றிருப்பார் என்று எனக்குச் சந்தேகம். சட்டைப் பையையும் மேசை இழுப்பறையையும் பாருங்கள். இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அண்ணனை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். நாகர்கோவில் டாக்டரைப் பார்க்கப் போகும்போது அதையும் கையோடு கொண்டு போங்கள்.

உங்கள் அன்பு மகள்.