'கைவிடப்பட்ட' என்ற ஒரு சொல் பற்றி

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் பேய் மாளிகைக் கட்டுரையில் ஜேர்மனியின் தூரிங்கன் மாநிலத்தில் இருக்கும் ரைன்ஹார்ட்ஸ்புருன் மாளிகைக்கு உங்கள் எழுத்தாளர் ஒதுக்கியது ஒரே ஒரு பந்தி. அதில் ஒரு வரி: 'வாரிசுகள் கைவிட்டதால் பாழடைந்தது.' அதற்கு மேலே நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையின் படம். அது வேறு மாநிலமான பவாரியாவில் இருக்கிறது, ஐயா. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடத்தில் எந்தப் பேய் குடியிருக்கும்?

நான் கோத்தாவில் இருப்பவன். 4ஆம் இலக்க ட்ராமில் ஏறினால் காடு, குளம், அடுத்தது அந்த மாளிகைதான். 1085இல் மடமாகத் தொடங்கிய இடம். 1525 விவசாயிகள் போரில் மடம் சூறையாடப்பட்டது. இந்தப் பகுதியை ஆண்ட கோபுர்க் – கோத்தா பிரபுக்கள் 1827இல் அங்கே மாளிகை கட்டத் தொடங்கினார்கள். விக்டோரியா மகாராணி வந்து தங்கிய வீடு. இதெல்லாம் தங்களுக்குத் தெரியாததல்ல.

வாரிசுகள் எங்கே கைவிட்டார்கள்? 1945இல் சோவியத் படையின் கீழிருந்த பகுதியில் 100 ஹெக்டேயருக்கு மேல் வைத்திருந்த நிலப்பிரபுக்களிடமிருந்தும் நாஜித் தலைவர்களிடமிருந்தும் நட்டஈடு இல்லாமல் நிலம் பறிக்கப்பட்டது. இந்த மாளிகையும் அப்படித்தான் போனது. கடைசிப் பிரபு கார்ல் எடுவார்ட் சாதாரண ஆளில்லை, நாஜிக் கட்சிக்காரர். அவருக்காக அழச் சொல்லவில்லை. ஆனால் பறித்ததைப் 'பறித்தது' என்றுதானே எழுத வேண்டும்? கிழக்கு ஜேர்மனிக் காலத்தில் அது ஹோட்டலாக இருந்தது. இரண்டு ஜேர்மனிகளும் ஒன்றான பிறகும் அந்தப் பறிப்பு செல்லும் என்று 1991இல் அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹோட்டல் 2001இல் மூடப்பட்டது. பிறகு கைமாறிக் கைமாறி, 90 லட்சம் யூரோவுக்கு மேல் அடமானக் கடன் ஏறியதுதான் மிச்சம். ஓர் ஓடுகூட மாற்றவில்லை.

நான் கூரை வேலைக்காரன். 26 வருடம் இந்த நாட்டில் ஓடு ஏற்றுகிறேன். வீடு பேயால் சாவதில்லை, கூரைத் தண்ணீர் ஓடும் பீலியால் சாகும். மாளிகையின் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன்: பீலிக்குள் சருகு மக்கி, அதில் ஓராள் உயரத்துக்கு பேர்ச் மரம் முளைத்து நின்றது. பீலி அடைத்தால் தண்ணீர் சுவருக்குள் இறங்கும். சுவருக்குள் இருக்கும் உத்தரத்தின் நுனி முதலில் உக்கும். பிறகு ஹவுஸ்ஷ்வாம் என்ற பூஞ்சை வரும். அது மரத்தைத் தின்று, செங்கல் சுவரையும் ஊடுருவி அடுத்த மரத்தைத் தேடிப் போகும். பீலியை வழிக்க ஓர் ஏணியும் அரை நாளும் போதும்.

அதனால்தான் 2018இல் தூரிங்கன் மாநில அரசு மாளிகையை உரிமையாளரிடமிருந்து பறித்தது. பராமரிக்கவில்லை என்பதற்காக ஒரு நினைவுச்சின்னத்தை அரசு எடுத்துக்கொள்வது இந்த நாட்டில் இதுவே முதல் தடவை என்று இங்குள்ள பத்திரிகைகள் எழுதின. ஆக ஒரே வீடு இரண்டு தரம் பறிபோயிருக்கிறது. இது உங்கள் எழுத்தாளருக்குக் கதையாகத் தெரியவில்லை. வெள்ளைச் சேலைதான் வேண்டியிருக்கிறது.

இந்தச் சொல்லில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். 1990 ஆனியில், போர் நேரம், யாழ்ப்பாணத்து வலிகாமம் வடக்கில் இருந்த எங்கள் வீட்டைப் பூட்டித் திறப்பை அம்மா மடியில் செருகிக்கொண்டு வெளிக்கிட்டோம். பல வருடம் கழித்துப் போய்ப் பார்த்தால் ஓடு இல்லை, யன்னல் இல்லை, கதவு நிலைகூட இல்லை. திறப்பு மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்து வீடுகளைப் படம்பிடித்து, 'கைவிடப்பட்ட வீடுகள்' என்று தாங்களே முன்பொரு தரம் போட்டீர்கள். அப்போதும் எழுதினேன். பதில் இல்லை. ஜேர்மன் கவிஞர் கோத்தே வைமாரில் பிறந்தார் என்று போட்டபோதும் எழுதினேன், அவர் பிராங்க்பர்ட்டில் பிறந்தவர் என்று. அதுவும் உங்கள் குப்பைக் கூடைக்குப் போயிருக்கும். சந்தா மட்டும் தவறாமல் கேட்கிறீர்கள்.

அடுத்த இதழில் ஒரு மூலையில் இரண்டு வரி போட்டால் போதும்: படம் மாறிவிட்டது, மாளிகையை வாரிசுகள் கைவிடவில்லை. சரியான படம் என்னிடம் இருக்கிறது, பீலியில் நின்ற மரத்தோடு. கேட்டால் அனுப்புவேன், காசு வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர் ஒருவர்,
கோத்தா, ஜேர்மனி