18-ஆம் நம்பர் அறைக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ரோட்டோரம் இட்லிக்கடை வைத்திருக்கிறேன். ஒன்றரை வருஷமாகச் செவ்வாய்க்கிழமை மட்டும் கடை மூடியிருந்தது. அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று கேட்டவர்களிடம் சொல்லிவைத்தேன். போனது கோயிலுக்கு இல்லை. எனக்குத் தொழுநோய் வந்திருந்தது. மாவட்ட அரசு மருத்துவமனையில் வைத்தியம் பார்த்து, இப்போது முழுசாகக் குணமாகிவிட்டது. என்னைக் குணமாக்கியவர்களுக்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதுகிறேன். யார் பேரும் இதில் இருக்காது. பேர் போட வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள்.

முதல் நன்றி, எங்கள் தெருவுக்கு வரும் மக்களைத் தேடி மருத்துவம் தங்கச்சிக்கு. 2021 ஆகஸ்டில் நம்ம மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அப்புறம் எங்கள் மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வர ஆரம்பித்தது. ஒருநாள் மாத்திரை கொடுக்க வந்தவள், நான் இட்லிக் குண்டானை இறக்கும்போது என் கையைப் பார்த்துவிட்டாள். சுண்டுவிரல் ஓரத்தில் பெரிய கொப்புளம்.

"எப்பக்கா சுட்டுது?"

"தெரியலையேம்மா."

அதற்குமேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. என்னை உட்காரவைத்து, கண்ணை மூடச் சொன்னாள். பேனா முனையால் தொட்ட இடத்தையெல்லாம் விரல் வைத்துக் காட்டச் சொன்னாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல் வரை சரியாகக் காட்டினேன். அப்புறம் ரொம்ப நேரம் சும்மா இருந்தாள். "தொடும்மா" என்றேன். "மூணு தடவ தொட்டுட்டேன்கா" என்றாள்.

அதற்கு முன்னால் எட்டு மாதம் ஒரு தனியார் கிளினிக்கில் தேமல் என்று சொல்லிக் கொடுத்த களிம்பைத் தடவிக்கொண்டிருந்தேன். முழங்கைக்கு மேலே வெளிறிய படை. அரிப்பும் இல்லை, வலியும் இல்லை. 2005 டிசம்பரிலேயே, பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவாகத்தான் இந்த நோய் இருக்கிறது என்று நாட்டளவில் அறிவித்துவிட்டார்கள். அதோடு நோயே போய்விட்டது என்று நாமெல்லாம் நினைத்துக்கொண்டோம். அந்தத் தங்கச்சிக்கு மட்டும் நினைப்பு வந்தது. அவள் கண் அன்றைக்கு என் விரலில் படாமல் போயிருந்தால் என் கை இந்நேரம் மடங்கிப்போயிருக்கும்.

மருத்துவமனைக்குப் போனால், 18-ஆம் நம்பர் அறை வாசலில் போர்டு: தோல், பால்வினை நோய், தொழுநோய்ப் பிரிவு. மூன்றுக்கும் ஒரே பெஞ்சு. முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு தூண் ஓரமாக நின்றேன். தெரிந்தவர்கள் பார்த்தால் எதை நினைப்பார்கள்? எதை நினைத்தாலும் அவமானம்தான் என்று அப்போது தோன்றியது. பெஞ்சில் இருந்த ஒரு லாரி டிரைவர் தம்பி தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். "உக்காருங்கக்கா, இங்க பேரச் சொல்லிக் கத்தமாட்டாங்க. டோக்கன் நம்பர் மட்டும்தான்" என்றார். அவராகவே தன் விஷயத்தையும் சொன்னார். அவருக்குப் பால்வினை நோய், அவருக்கும் வீட்டுக்காரிக்கும் சேர்த்து மருந்தாம். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் திரும்பி வந்துவிடும், அதனால் மனைவியைக் கூட்டிவரப் போகிறேன் என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. அடுத்த மாதம் இருவரும் சேர்ந்து வந்திருந்தார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. தம்பி, நீங்கள் அன்றைக்கு இடம் கொடுத்திருக்காவிட்டால் நான் அப்படியே பஸ் ஏறியிருப்பேன்.

டாக்டரம்மா என் முழங்கை நரம்பைப் பிடித்துப் பார்த்தார்கள். கையுறை போடவில்லை. படைகளை எண்ணினார்கள்: ஏழு. ஐந்துக்குள் இருந்தால் ஆறு மாத மருந்து, அதற்கு மேல் போனால் பன்னிரண்டு மாதம். ரிஃபாம்பிசின், குளோஃபாசிமின், டாப்சோன் என்று மூன்று மருந்து ஒரே அட்டையில். ஒரு பைசா செலவில்லை. மாதத்தின் முதல் வேளை மாத்திரையை அவர்கள் கண் முன்னாலேயே விழுங்க வேண்டும். சிறுநீர் சிவப்பாகப் போகும், தோல் கொஞ்சம் கறுக்கும், பயப்படாதே என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பினார்கள். சொல்லியிருக்காவிட்டால் முதல் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பேன்.

நான் கேட்ட முதல் கேள்வி கடையைப் பற்றித்தான். என் கடையில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்தால் உங்களுக்கும் அதே கேள்விதான் வரும். சாப்பாட்டால் இது பரவாது. மருந்து சாப்பிடாத ஒருவரோடு பல மாதம் நெருங்கியே இருந்தால்தான் மூச்சுக்காற்று வழியாக ஒட்ட வாய்ப்பு. அதிலும் பெரும்பாலானவர்கள் உடம்பு தானாகவே இந்தக் கிருமியைத் தடுத்துவிடும். மருந்து தொடங்கிய கொஞ்ச நாளிலேயே என்னிடமிருந்து யாருக்கும் பரவாது என்று டாக்டரம்மா சொன்ன பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன். வீட்டில் எல்லோரையும் சோதித்து, தடுப்புக்காக ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை.

ஆலோசகர் மேடத்துக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. சொந்தத்தில் ஒருவர் என் வீட்டுக்காரரிடம், "இதக் காட்டியே கோர்ட்டுல தீர்த்துவிட்டுரலாம்" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்லி நான் அழுதபோது மேடம் கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். முன்பு அப்படி ஒரு சட்டம் இருந்தது உண்மைதான், 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள், தொழுநோயைக் காரணம் காட்டி இனி யாரும் விவாகரத்துக் கேட்க முடியாது என்றார்கள். அடுத்த வாரம் என் வீட்டுக்காரரையும் வரச்சொல்லி அரைமணி நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று அவர் இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து குண்டானை அவரே இறக்கிவைத்தார். அன்றிலிருந்து தினமும் அவர்தான் இறக்குகிறார்.

ஐந்தாம் மாதம் முழங்கை நரம்பு தெறிக்க ஆரம்பித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன். அது ரியாக்‌ஷன், செத்த கிருமிகளைக்கூட உடம்பு எதிர்க்கும்போது வருவது, அட்டை மாத்திரையை நிறுத்தவே கூடாது என்று ஸ்டீராய்டு மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அப்போதிலிருந்துதான் ஒவ்வொரு செவ்வாயும் பிசியோ சாரிடம் பயிற்சி. நைலான் இழையால் விரலைத் தொட்டு எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று குறித்துக்கொள்வார். தினமும் கையைத் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு எண்ணெய் தடவச் சொன்னார். சோர்ந்துபோன ஒருநாள் வேலூர் கதை சொன்னார். 1940-களின் கடைசியில் அங்கே பால் பிராண்ட் என்ற டாக்டர், மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாணை மாற்றிவைத்து ஆபரேஷன் பண்ணி, திரும்ப வேலை செய்ய வைத்தாராம். "உங்களுக்கு அது வரைக்கும் போக வேணாம்மா, நீட்டுங்க" என்றார். நீட்டினேன்.

சுண்டுவிரலில் உணர்ச்சி பாதிதான் திரும்பியிருக்கிறது. அதனால் கரண்டிக்கு மரக்கைப்பிடி போட்டிருக்கிறேன். துணி இல்லாமல் பாத்திரத்தைத் தொடுவதில்லை. மருந்து போன வருஷமே முடிந்தது. பயிற்சியும் போன வாரத்தோடு முடிந்தது. இனி வீட்டிலேயே செய்தால் போதும் என்று பிசியோ சார் சொல்லிவிட்டார்.

அறையைக் கூட்டித் துடைக்கும் ஆயாவுக்கும், மாத்திரை வாங்க வராத மாதம் போன் பண்ணித் திட்டிய மருந்தாளுநர் அண்ணனுக்கும் நன்றி.

இந்த வாரத்திலிருந்து செவ்வாய்க்கிழமையும் கடை உண்டு. காலை ஆறு மணிக்குத் திறந்துவிடுவேன்.